அஞ்சலை எதையும் கலைக்கவில்லை

சேகர்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன். போன சனிக்கிழமை நீ மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை அலமாரி மேல் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஈப்போ மண்டபத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்று என் பெயரையும் அச்சடித்திருக்கிறாய். நான் யாருடைய வரவையும் எதிர்பார்க்கவில்லை. நானே வரப்போவதில்லை. பெற்றவள் எங்கே என்று நாலு பேர் உன்னைக் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்காகத்தான் வராமல் இருக்கிறேன். அம்மாவுக்கு ஏதோ கோபம், இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்துவிடாதே. நாலு வருஷமாக நானே இதை ஆறவைத்துப் பார்த்துவிட்டேன், ஆறவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அன்றைக்கு நீ தோட்டத்துக் கடை வாசலில் பத்திரிகைக் கட்டோடு நின்றபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து உன்னிடம் பேச்சுக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? அவர் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். அவருடைய தங்கை மகனுக்கு நம் தோட்டத்து அஞ்சலையைப் பெண் கேட்டிருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் பெண் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு ஒருவர் போய் விசாரித்துவிட்டு வருவது நம் ஆட்களின் வழக்கம். அந்த மனிதர் முதல் ஆளாக உன்னிடம் வந்து மாட்டினார். நீ சொன்னதைச் சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அடுத்த லயத்து வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டாய். அவர் இரண்டாவது ஆளாகக் கிளினிக்குக்கு என்னிடம் வந்தார். உன்னைப் பெற்றவள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, கடையில பத்திரிகைக் கட்டோட நின்ன ஒரு தம்பி சொன்னாரு" என்றார், தயங்கித் தயங்கி. "அந்தப் பொண்ணு மாத்திரை போட்டுக் கலைச்சதாம்லா. நீங்க கிளினிக்ல இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." உள் அறையில் கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிற டிரெசர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் திறந்த கதவைப் பார்த்துப் பயந்தேன், அந்த வெட்கத்தையும் இதில் எழுதிவிடுகிறேன். "அண்ணே, நீங்க ஒண்ணும் முடிவு பண்ணிடாதீங்க. நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கே நான் வாரேன். எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் "சரிம்மா, அது வரைக்கும் நான் வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணம் என்பது அவர் வாசல் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு வேறு நாள் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.

நீ இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம்தான். உன் அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் காய்ச்சலில் போனபோது உனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பதால், ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கிளினிக்கில் ஆயாவாக எடுத்தார்கள். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு, வேலை போனால் வீடும் போகும் என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் எனக்கு நீ ஒருவனே உலகமாகிப்போனாய். உன்மேல் யாராவது விரல் நீட்டினால் அந்த விரலை முறிக்கத் தயாராக இருந்தேன். அஞ்சலையின் அம்மா வெட்டிக் கொண்டுவந்து பாதையோரம் வைத்திருந்த பால் வாளியை நீ சைக்கிளில் வந்து இடித்துக் கவிழ்த்தாயே, அவளுடைய ஒரு நாள் உழைப்பு முழுவதும் மண்ணில் ஓடியது. அவள் வந்து கேட்டபோது, என் பிள்ளை பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான், மாடு ஏதாவது முட்டியிருக்கும் என்று நான் கூசாமல் சொன்னேன். நீ என் பின்னால் நின்று சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் உன் காலில் ஒட்டியிருந்த பாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். பாலைக் கழுவிவிட்டுச் சோறு போட்டேன்.

இனி அந்த மாத்திரை விஷயம். நீ ஊர் ஊராகப் போய் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதை நான் முழுசாக எழுதுகிறேன். கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கக் கல்யாணமான பெண்களுக்கு ஒரு அட்டை உண்டு. அட்டையில் புருஷன் பெயர் இருந்தால்தான் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கலாம். ஒரு பாக்கெட்டில் இருபத்தோரு வெள்ளை மாத்திரை, மாதக் கடைசிக்கு ஏழு பழுப்பு மாத்திரை. பழுப்பில் இரும்புச் சத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து ஒரு சீனப் பெண் டாக்டர் வேனில் வருவார். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டு வேன் கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தபோது நான் அவரைக் கேட்டேன். தினமும் மாத்திரை சாப்பிடாத ஒருத்திக்கு, ஒரே ஒரு நாள் தவறிப்போய்விட்டால் வேறு வழியே கிடையாதா என்று. கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கீழ் லயத்தில் ஒரு பெண் எதையோ அரைத்துக் குடித்துச் செத்துப்போனாள்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "ஆயா, டெங்கார் பாய்க்-பாய்க்" என்றார், நன்றாகக் காது கொடுத்துக் கேள் என்று. மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்று நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், இந்த வகைப் பாக்கெட்டின் வெள்ளை மாத்திரையில் இரண்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு. வெளிநாட்டில் இப்போது அப்படிக் கொடுக்கிறார்கள் என்றார். அது என்ன செய்யும் என்று கேட்டேன். பெண்ணின் உடம்பில் மாதம் ஒரு முட்டை வெளியே வருகிறது, அது வருவதை இந்த மாத்திரை தள்ளிப்போடும், ஆணிடமிருந்து வந்தது சில நாள் காத்திருந்து செத்துவிடும் என்றார். ஏற்கெனவே தங்கியிருந்தால் என்றேன். "தா போலே", முடியாது என்று கையை விரித்தார். தங்கி வளர ஆரம்பித்ததை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, கலைக்காது, இது கதவைத் திறக்காமல் வைக்கிற மருந்துதானே தவிர உள்ளே வந்துவிட்டவரை வெளியே தள்ளுகிற மருந்தில்லை என்றார். சில சமயம் பலிக்காமலும் போகும், அடுத்த மாதத் தூரம் வரும்வரை கவனிக்க வேண்டும், குமட்டலும் வாந்தியும் வரும், வயிற்றில் சோறு இருக்கும்போது கொடு என்று சொன்னார். கடைசியாகச் சொன்ன அந்தச் சோறு விஷயத்தை நான் மறந்துபோனேன். என் முதல் தவறு அதுதான்.

நாலு வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ கிளினிக்கின் பின்வாசலில் வந்து நின்றாய். கன்னமெல்லாம் ஈரம். "அம்மா, தப்புப் பண்ணிட்டேன்மா. அஞ்சலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் தொலைஞ்சேன். நீ ஏதாச்சும் பண்ணும்மா" என்றாய். முந்தின நாள் மத்தியானம் அவள் வீட்டில் யாரும் இல்லாதபோது நடந்ததை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் உன்னை அறைந்தேன். நீ அறையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாய். அந்த நிமிஷத்தில்கூட உன் முகத்தில் இருந்தது உன் பயம் மட்டும்தான், அவளுக்காக அதில் ஒரு சொட்டும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும், பிள்ளை தானாக வந்து உண்மையைச் சொல்கிறானே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது பார், அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலையைத் தனியாகப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்தே என்னை அத்தை என்று கூப்பிடுகிற பெண். முதலில் அவளைக் கேட்டேன், அவன் உன்னைக் கட்டாயப்படுத்தினானா என்று. "இல்ல அத்தே. கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னாரு. நானும் சரின்னுதான் சொன்னேன்" என்றாள், தலையைக் குனியாமல். எந்த நாளில் தூரம் வந்தது என்று கேட்டு விரலில் எண்ணிப் பார்த்தேன், ஆபத்தான நாளாகத்தான் இருந்தது. டாக்டர் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன், அந்தச் சோற்றைத் தவிர. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "இது உயிரக் கொல்றதா அத்தே?" இல்லடி, உயிர் உண்டாகாமல் பார்க்கிறது, உண்டாகிவிட்டால் இதனால் ஒன்றும் ஆகாது என்றேன். குழாயை இறுக்கி மூடினாள். பிறகு கையை நீட்டினாள். வேறு தோட்டத்துக்கு மாறிப்போன ஒருத்தி திருப்பிக் கொடுத்த பாக்கெட்டிலிருந்து நாலு வெள்ளை மாத்திரையை ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். இரண்டை என் கண் முன்னாலேயே விழுங்கினாள். மணி ஆறு.

ஆறோடு பன்னிரண்டைக் கூட்டினால் காலை ஆறு. அது பெரட்டு நேரம். எல்லாரும் வரிசையில் நிற்க, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் கூப்பிடுகிற நேரம். வேலைக்கு வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று டிரெசரிடம் சீட்டு வாங்க வேண்டும், டிரெசர் நூறு கேள்வி கேட்பார். அதனால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்போதும் போல மரம் வெட்டப் போய்விடு, யாருக்கும் சந்தேகம் வராது என்று நான்தான் சொன்னேன். அவள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போனாள். பத்து மணிக்குப் பால் நிறுக்கும் கொட்டகையில், நாற்பது பேர் வாளியோடு நிற்கிற வரிசையில், அஞ்சலை தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஒரு தடவை இல்லை, குடல் வெளியே வருகிற மாதிரி நாலைந்து தடவை. நம் தோட்டத்தில் கல்யாணமாகாத பெண் வாந்தி எடுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பதை நீயும் அறிவாய், நானும் அறிவேன். கர்ப்பமாகாமல் இருக்கக் கொடுத்த மருந்தே அவளைக் கர்ப்பிணி மாதிரி ஊர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குத் தூரம் வந்தது. கிளினிக்குக்கு வந்து, விரல் காயத்துக்கு மருந்து கேட்கிற சாக்கில் என்னிடம் சொன்னாள். என் குலசாமிக்குக் கை கூப்பினேன். உன்னிடமும் அன்றே சொன்னேன், மாத்திரை கொடுத்தேன், ஒன்றும் தங்கவில்லை, எதுவும் உண்டாகவே இல்லை, நிம்மதியாக இரு என்று. ஆகவே உனக்குத் தெரியும், சேகர். தெரியாமல் சொன்னேன் என்று நீ எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. தீபாவளி முடிந்து, வருஷம் பிறந்து, தைப்பூசமும் போனது. வாந்தி எடுத்தவளுக்கு வயிறு ஏன் பெருக்கவில்லை என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. அதோடு கூட, மாத்திரை போட்டாளாம் என்றும் ஒரு பேச்சு சேர்ந்துகொண்டது. அந்த மாத்திரை மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சலை சொல்லவில்லை. மிச்சம் யார் என்று உனக்குக் கணக்குத் தெரியும், கள்ளுக்கடையில் உன்னோடு உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும்.

கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அஞ்சலையின் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கோவில் தலைவர் உன்னைப் பார்த்து, "சேகரு, இந்தப் பொண்ணு ஒன்னோட பேசிக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஒனக்குச் சம்பந்தம் இருக்கா, மறைக்காம சொல்லிடு" என்றார். நீ எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாய். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. மாத்திரை போட்டுக் கலைச்சிருச்சுன்னு தோட்டமே பேசுது. யாரோடதுன்னு அதுகிட்டயே கேளுங்கலா." நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். ஆண்கள் சிலர் சிரித்தார்கள். அஞ்சலையைக் கேட்டார்கள். "நான் கலைக்கல. கலைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். மாத்திரை போட்டாயா இல்லையா என்றார்கள். "போட்டேன்." யார் கொடுத்தது என்றார்கள். டிரெசர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அட்டை இல்லாத பெண்ணுக்கு, அதுவும் கல்யாணமாகாதவளுக்கு, நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தது தெரிந்தால் அன்றைக்கே என் வேலையும் வீடும் போகும். அஞ்சலை திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "ஞாபகம் இல்ல" என்று அவர்களிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, எனக்குப் பாவம் பார்த்துச் சொன்னாள். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. நீ கமுந்திங் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் புதுச் சட்டையோடு பஸ் ஏறினாய். நானும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

நாலு வருஷம் எனக்குள்ளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் பயந்து ஒரு பொய் சொல்லிவிட்டான், வயதாக வயதாக உறுத்தும், ஒரு நாள் தானாகத் திருந்துவான் என்று. சனிக்கிழமை அந்தப் பெரியவர் வந்து நின்றபோது அது உடைந்தது. அன்றைக்கு உனக்கு எந்தப் பயமும் இல்லை. கூட்டம் இல்லை, தலைவர் இல்லை, உன்னை யாரும் குற்றம் சாட்டவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நின்ற இடத்திலேயே கெடுத்துவிட்டுப் போனாய். அது பயத்தில் வந்த பொய் இல்லை. உனக்கு அது பழகிப்போய்விட்டது. இதை மன்னிக்க எனக்கு மனம் இல்லை, தேடியும் பார்க்கப்போவதில்லை.

மறுநாளே நான் பஸ் ஏறி ஹுத்தான் மெலிந்தாங் போனேன். அஞ்சலை இறால் உரிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள், விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கிறது. அவளைக் கேட்காமல் அவள் கதையைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, அதற்காகத்தான் போனேன். "சொல்லுங்க அத்தே. ஒங்க மகன நம்பினது என் தப்பு, அத மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டேன். அவரு பரவால்லன்னுட்டாரு. இந்தக் கலைச்ச கதை பொய்யின்னு நான் சொன்னா அவுங்க வீட்டுலதான் நம்ப மாட்டாங்க" என்றாள். யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று கேட்டேன். "உண்மைதானே, யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க" என்றாள். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடிக்க எனக்குக் கொஞ்சமும் தகுதி இல்லை, ஆனாலும் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை டிரெசரின் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாலு வருசம் கழிச்சு ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க? யாரும் கேக்கலியே" என்றார். அதனால்தான் ஐயா சொல்கிறேன் என்றேன். "மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும், தெரியும்லா?" தெரியும் என்றேன். கோப்பெங்கில் ஒரு சீனர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலை சொல்லியிருக்கிறார்கள், தங்க ஒரு அறையும் உண்டு. எந்த வீட்டுக்காக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்தினேனோ அதை விட்டுக் கிளம்புவது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு முகூர்த்தம் நடக்கிற நேரத்தில் நான் அந்தப் பெரியவரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை கொடுத்தவள் நான், எதற்குக் கொடுத்தேன், அது என்ன செய்யும், என்ன செய்யாது, வாந்தி ஏன் வந்தது, எத்தனாம் நாள் தூரம் வந்தது என்று ஆண்கள் பெண்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்வேன். கடை வாசலில் உங்களிடம் பேசிய தம்பி யார் என்று கேட்பார்கள். என் மகன் என்று சொல்வேன். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பதால் ஒன்று சொல்கிறேன். உன்னோடு வாழ வருகிறவள் ஒரு காலையில் வாந்தி எடுத்தால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு. என்ன என்று அவளைக் கேள், பக்கத்து வீட்டைக் கேட்காதே. அவள் எந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் அதில் உன் பங்கு பாதி என்பதை நினைவில் வை. ஆசீர்வாதம் என்று எழுத இடம் விட்டிருந்தேன், எழுத வரவில்லை.

இதுவரை உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. இதை எழுதும்போது வியாழக்கிழமை காலை, இனிமேல்தான் தபாலில் போடப்போகிறேன். இந்தக் கடிதத்தை நான் இரண்டு பிரதியாக எழுதினேன். முதல் பிரதியைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஈப்போவுக்குக் கொண்டுபோய் விமலாவின் கையில் கொடுத்தேன். உனக்கு வரப்போகிற மனைவியாயிற்றே, கண்ணைத் திறந்துகொண்டு கழுத்தை நீட்டட்டும் என்று நினைத்தேன். வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். அழவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அத்தே, இத அவருக்கு அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை, நாளைக்குப் போடுவேன் என்றேன். "நாளைக்கு வேணாம். நாளைக்குச் சாயங்காலம் நகைக்கடைக்குப் போக அவரு இங்க வாராரு. அஞ்சலைன்னு ஒரு பொண்ணு இருந்துச்சாமே, யாருன்னு மட்டும் கேக்கிறேன். என்ன சொல்றாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கிறேன். நீங்க வியாழக்கெழம போடுங்க" என்றாள்.

நேற்று சாயங்காலம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நீ பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் கடிதம் அவள் கைப்பையில் இருந்தது.

உன் அம்மா